போட்டோ ஏன் ஆடுது? காம்பாக்ட் கேமராவில் ஷார்ப்பான படம் எடுப்பது எப்படி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே வைத்துவிட்டு, திரும்பத் திரும்பச் சொன்னவற்றை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

போன எபிசோட்ல பழைய டிஜிட்டல் கேமராவை செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போது என்னென்ன செக் பண்ணணும்னு பேசினோம். அதுக்கப்புறம் வந்த மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "ப்ரோ, கேமரா வாங்கிட்டேன். ஆனா போட்டோ எல்லாம் பிளரா வருது. இதுக்கு என் போனே பரவாயில்ல போல இருக்கே?"

கேள்வி நியாயமானதுதான். நீங்க போன்ல ஒரு தடவை தட்டும்போது, அது பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாமலே பல ஃபிரேம் எடுத்து, ஒண்ணோட ஒண்ணு பொருத்தி, நல்லதை மட்டும் சேர்த்து ஒரே படமா கொடுக்குது. காம்பாக்ட் கேமரா, அதுலயும் பழசு, அப்படி எதுவும் பண்ணாது. ஒரு கிளிக், ஒரு ஃபிரேம். அந்த ஒரு நொடித் துண்டுல என்ன நடந்துச்சோ அதுதான் படம். போன் நமக்காக மூடி மறைச்ச தப்பெல்லாம் இங்க வெளிய வரும்.

சரி, இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம். முதல்ல என்னோட தோல்விக் கதை ஒண்ணு.

அப்பாவோட கடைசி டிரிப்

எங்க அப்பா அரசு பஸ் டிரைவர். முப்பது வருஷத்துக்கு மேல ஓட்டினார். ரிட்டயர் ஆன அன்னைக்கு மாசக் கடைசி நாள். கடைசி டிரிப்பை முடிச்சுட்டு நைட்டு ஒன்பது மணிக்கு மேல பஸ் டிப்போவுக்குள்ள வருது. கூட வேலை பார்த்த டிரைவர்கள், கண்டக்டர்கள், மெக்கானிக்குகள் எல்லாரும் மாலையோட நிக்கிறாங்க. நான் லீவு போட்டுட்டு ஊருக்கு வந்து, செகண்ட் ஹேண்ட்ல வாங்கின காம்பாக்ட் கேமராவோட ஒரு ஓரமா நிக்கிறேன்.

அப்பா இன்ஜினை ஆஃப் பண்ணார். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்ல கை வெச்சு அப்படியே உக்காந்திருந்தார். அப்புறம் கதவைத் திறந்து, கம்பியைப் பிடிச்சு இறங்கினார். இறங்கும்போதே திரும்பி பஸ்ஸைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சார்.

அந்த சிரிப்பை நான் எடுத்தேன். கேமரா ஸ்கிரீன்ல பார்த்தப்போ பிரமாதமா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து லேப்டாப்ல திறந்தா, அப்பா முகம் தண்ணியில கரைஞ்ச மாதிரி இருக்கு. கண் எங்க இருக்கு, மீசை எங்க இருக்குன்னு தெரியல. அம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு கிட்ட வந்து பார்த்தாங்க, எதுவும் சொல்லல. அப்பாதான் சொன்னார்: "விடுடா. பஸ்ஸு நல்லா விழுந்திருக்குல்ல."

என்னைத் தேத்தறதுக்காக சொன்னது அது. ஆனா அவர் சொன்னது உண்மை. பஸ்ஸோட ரூட் போர்டு, கண்ணாடி மேல ஒட்டின ஸ்டிக்கர், கதவு ஓரத்துல பெயின்ட் உரிஞ்ச இடம், எல்லாம் அவ்வளவு தெளிவு. அப்பா மட்டும்தான் கரைஞ்சிருக்கார். இந்த ஒரு வரியில பதில் முழுசும் இருந்துச்சு. எனக்கு அது புரிய ரொம்ப நாளாச்சு.

பிளர் நாலு வகை

நம்ம வேலையில யாராவது வந்து "ஆப் ஒர்க் ஆகல"ன்னு மட்டும் சொன்னா என்ன பண்ணுவோம்? என்ன எரர் வருது, எந்த ஸ்கிரீன்ல வருதுன்னு கேப்போம். "போட்டோ பிளர்"ங்கிறதும் அதே மாதிரிதான். அதை வெச்சு எதையும் சரி பண்ண முடியாது. எந்த வகை பிளர்னு முதல்ல கண்டுபிடிக்கணும்.

முதல் வகை, கை ஆட்டம். படம் முழுக்க, ஆள், பின்னணி எல்லாமே ஒரே திசையில இழுபட்டிருக்கும். தூரத்துல ஒரு பல்பு இருந்தா அது புள்ளியா இல்லாம சின்னக் கோடா தெரியும்.

ரெண்டாவது வகை, ஆள் ஆட்டம். பின்னணி தெளிவா இருக்கும், ஆள் மட்டும் கரைஞ்சிருப்பாங்க. எங்க அப்பா படம் இந்த வகை.

மூணாவது வகை, ஃபோகஸ் தப்பினது. படத்துல எங்கயோ ஒரு இடம் ஷார்ப்பா இருக்கும், ஆனா நமக்கு வேண்டிய இடம் இல்ல. பர்த்டே கேக்ல ஃபோகஸ் பண்ணா பின்னாடி இருக்கிற நாற்காலி பளிச்சுன்னு இருக்கும். இந்த வகையில பல்பு கோடா மாறாது, சின்ன வட்டமா உப்பித் தெரியும்.

நாலாவது வகை, மொத்தமா ஒரு மந்தம். இழுபட்ட கோடும் இல்ல, எந்த இடமும் ஷார்ப்பாவும் இல்ல. படத்து மேல ட்ரேசிங் பேப்பர் போட்ட மாதிரி இருக்கும்.

இதைக் கேமரா ஸ்கிரீன்ல பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாது. கணக்கு சொல்றேன். பாக்ஸ்ல "9.2 லட்சம் டாட்"னு போட்டிருக்கிற 3 இன்ச் ஸ்கிரீன்ல, ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு டாட். அப்போ உண்மையான பிக்சல் ஏறக்குறைய 3 லட்சம்தான். உங்க படத்துல இருக்கிறது 2 கோடி. அறுபது பிக்சலுக்கும் மேல சுருக்கி ஒரே பிக்சலா காட்டுது. அவ்வளவு சுருக்கினா எந்தப் படமும் ஷார்ப்பாத்தான் தெரியும். அதனால எடுத்த உடனே பிளேபேக்ல போய், ஜூம் பட்டனை அமுக்கி, முகத்தைப் பெரிசாக்கிப் பாருங்க. நான் அன்னைக்கு டிப்போவுல இதைப் பண்ணியிருந்தா, "அப்பா, ஒரு தடவை திரும்ப ஏறி இறங்குங்க"ன்னு அப்பவே கேட்டிருக்கலாம்.

லாக் ஃபைலைப் பாருங்க

ஒவ்வொரு டிஜிட்டல் போட்டோவுக்குள்ளயும் ஒரு லாக் இருக்கு. அதுக்குப் பேரு எக்ஸிஃப். லேப்டாப்ல ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி விவரங்களைத் திறந்தா வரும். ஷட்டர் ஸ்பீடு, அப்பர்ச்சர், ஐ.எஸ்.ஓ, ஜூம் எவ்வளவுன்னு எல்லாம் அதுல பதிவாகியிருக்கும். அப்பா படத்துல இருந்தது இதுதான்: ஃபுல் ஜூம், அதாவது 100 மி.மீ. அப்பர்ச்சர் எஃப் 4.9. ஐ.எஸ்.ஓ 800. ஷட்டர் 1/30.

1/30-ங்கிறதுதான் வில்லன். ஒரு நொடியில முப்பதுல ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருந்துச்சு. கேக்க ரொம்பக் கம்மியாத் தெரியும். போட்டுப் பார்ப்போம்.

நான் நின்ன தூரம் ஏறக்குறைய 7 மீட்டர். அந்த ஜூம்ல ஃபிரேமுக்குள்ள வர்ற அகலம் ரெண்டரை மீட்டர். படத்தோட அகலம் 5472 பிக்சல். வகுத்துப் பார்த்தா, ஒரு பிக்சல்ங்கிறது அங்க ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஒருத்தர் மெதுவா படியில இறங்கினாலே நொடிக்கு அரை மீட்டர் நகர்வார்னு வெச்சுக்கோங்க. 1/30 நொடியில 17 மில்லிமீட்டர். படத்துல அது ஏறக்குறைய 36 பிக்சல் இழுப்பு. மனுஷக் கண்ணோட அகலமே 3 செ.மீதான். கண் அகலத்துல பாதிக்கு மேல இழுபட்டா, முகம் எப்படித் தெரியும்?

இதே 1/250-ல எடுத்திருந்தா நகர்ந்த தூரம் 2 மில்லிமீட்டர், 4 பிக்சல். பிரிண்ட் போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது.

அதனால ஆள் இருக்கிற படத்துக்கு ஒரு தோராயக் கணக்கு மனசுல வெச்சுக்கோங்க. உக்காந்து பேசிட்டிருக்கிறவங்களுக்கு 1/125. நடக்கிறவங்களுக்கு 1/250. ஓடுற குழந்தை, குதிக்கிற நாய், டான்ஸ் எல்லாத்துக்கும் 1/500.

அப்போ ஸ்டெபிலைசேஷன் எதுக்கு?

"ப்ரோ, என் கேமராவுல இமேஜ் ஸ்டெபிலைசேஷன் இருக்கே?" என் கேமராவுலயும் இருந்துச்சு. அதனாலதான் பஸ் நல்லா விழுந்துச்சு.

உங்க கை எந்தப் பக்கம் ஆடுதுன்னு கேமராவுக்குள்ள இருக்கிற கைரோ சென்சார் கண்டுபிடிக்கும். அதுக்கு எதிர்ப் பக்கமா லென்ஸுக்குள்ள ஒரு கண்ணாடித் துண்டு நகரும். சில கேமராவுல சென்சாரே நகரும். ஆக, அது சரி பண்றது உங்க கையை மட்டும்தான். எதிர்ல இருக்கிறவர் நகர்றது அதுக்குத் தெரியவே தெரியாது.

ஸ்டெபிலைசேஷன் இல்லாத கேமராவுக்கு ஒரு பழைய விதி இருக்கு. ஜூம் எத்தனை மி.மீயோ, ஷட்டரும் நொடியில அத்தனைல ஒரு பங்கா இருக்கணும். இங்க மி.மீன்னு சொல்றது 35 மி.மீ ஃபிலிம் கணக்குல. 28 மி.மீன்னா 1/30 போதும். 100 மி.மீன்னா 1/100. நான் 100 மி.மீல 1/30-ல எடுத்தேன். விதிப்படி பஸ்ஸும் ஆடியிருக்கணும். ஸ்டெபிலைசேஷன் பஸ்ஸைக் காப்பாத்திடுச்சு. அப்பாவைக் காப்பாத்த முடியல.

கை ஆட்டத்துக்கு காசில்லாத வைத்தியமும் இருக்கு. கேமராவை ஒத்தைக் கையில நீட்டிப் பிடிக்காதீங்க. ரெண்டு முழங்கையையும் விலாவோட ஒட்டி வெச்சுக்கோங்க. சுவரோ தூணோ இருந்தா தோளைச் சாய்ச்சுக்கோங்க. மூச்சை விட்டுட்டு பட்டனை மெதுவா அமுக்குங்க. பர்ஸ்ட் மோட்ல மூணு எடுங்க. முதல் ஃபிரேம்ல விரல் அமுக்குற ஆட்டம் இருக்கும், கடைசியில விரல் எடுக்கிற ஆட்டம் இருக்கும், நடுவுல இருக்கிறது பெரும்பாலும் தெளிவா இருக்கும். கோபுரம், நைட் சிட்டி லைட் மாதிரி அசையாத விஷயம்னா, மதில் மேல கேமராவை வெச்சு 2 செகண்ட் டைமர் போட்டு கையை எடுத்துடுங்க.

ஜூம் பண்ணதுதான் நான் பண்ண தப்பு

சரி, ஷட்டரை 1/250 வெச்சா போதும்ல? போதும், ஆனா வெளிச்சம் வேணும். டிப்போவுல இருந்தது டியூப் லைட். 1/30-ல இருந்து 1/250-க்குப் போனா, சென்சாருக்கு வர்ற வெளிச்சம் எட்டுல ஒரு பங்கா குறைஞ்சுடும். அந்த எட்டு மடங்கை எங்கயாவது தேடணும்.

இங்கதான் பலருக்குத் தெரியாத விஷயம் வருது. உங்க கேமரா லென்ஸைச் சுத்தி ரெண்டு நம்பர் எழுதியிருக்கும், பாருங்க. என்னுதுல 1.8-4.9. ஜூம் பண்ணாதப்போ அப்பர்ச்சர் எஃப் 1.8 வரைக்கும் திறக்கும், ஃபுல் ஜூம்ல எஃப் 4.9 வரைக்கும்தான் திறக்கும்னு அதுக்கு அர்த்தம். நம்பர் சின்னதுன்னா ஓட்டை பெரிசு. வெளிச்சம் அந்த நம்பரோட வர்க்கத்துல மாறும். 4.9-ஐ 1.8-ஆல வகுத்து, வர்க்கம் பண்ணா ஏறக்குறைய 7.4.

அதாவது, நான் ஜூம் பண்ண ஒரே காரணத்துக்காக ஏழு மடங்கு வெளிச்சத்தை இழந்திருக்கேன். ஜூம் பண்ணாம, 7 மீட்டர்ல இருந்து 2 மீட்டருக்கு நடந்து போயிருந்தா, அப்பா ஃபிரேம்ல அதே சைஸ்ல இருந்திருப்பார். அதே ஐ.எஸ்.ஓ 800-ல ஷட்டர் 1/220 கிடைச்சிருக்கும். பத்து எட்டு கூட வெச்சிருக்க வேண்டாம். "குறுக்க போனா பெரியவங்க திட்டுவாங்க"ன்னு கூச்சப்பட்டு ஓரமா நின்னேன். அவ்வளவுதான் நடந்தது.

இது என் கேமராவுக்கு மட்டும் இல்ல. பெரும்பாலான காம்பாக்ட்ல ஜூம் பண்ணப் பண்ண ஓட்டை சின்னதாகும். உங்க லென்ஸ்ல 3.1-5.9-னு இருந்தா, ஃபுல் ஜூம்ல மூணரை மடங்கு வெளிச்சம் போயிடும். அதனால வெளிச்சம் கம்மியான இடத்துல ஜூமைத் தொடாதீங்க, கிட்டப் போங்க. கிட்டப் போகும்போது ஒண்ணு மட்டும் கவனிங்க. வைட்ல ஃபிரேம் ஓரத்துல இருக்கிற முகம் இழுத்த மாதிரி வரும். முகத்தை நடுப்பக்கமா வெச்சுக்கோங்க.

டிஜிட்டல் ஜூமை மெனுவுல போய் ஆஃப் பண்ணிடுங்க. அது நடுவுல வெட்டி எடுத்துப் பெரிசாக்குறது மட்டும்தான். அதை வீட்டுக்கு வந்து நீங்களே பண்ணிக்கலாம்.

ஐ.எஸ்.ஓ-வைப் பார்த்து பயப்படாதீங்க

"ஐ.எஸ்.ஓ ஏத்தினா நாய்ஸ் வரும்"னு எல்லா யூட்யூப் வீடியோவுலயும் கேட்டிருப்பீங்க. வரும். பொடிப்பொடியா தெரியும். ஆனா பொடி விழுந்த முகத்துல கண், மீசை, சிரிப்பு எல்லாம் தெரியும். இழுபட்ட முகத்துல எதுவும் தெரியாது. நாய்ஸைப் பின்னாடி சாஃப்ட்வேர்ல குறைக்கலாம், பிரிண்ட்ல அது பாதி காணாமலே போயிடும். ஆள் ஆடிக் கரைஞ்ச முகத்தை உண்மையா திரும்பக் கொண்டுவர எந்த பட்டனும் கிடையாது. இப்ப இருக்கிற ஏஐ டூல் ஒரு முகத்தை வரைஞ்சு கொடுக்கும், ஆனா அது எங்க அப்பா முகமா இருக்காது. ட்ரை பண்ணிப் பார்த்துட்டேன். அம்மா பார்த்துட்டு "யாருடா இது?"ன்னு கேட்டாங்க.

1 இன்ச் சென்சார் இருந்தா 3200 வரைக்கும் தைரியமா போங்க. இந்த "1 இன்ச்"ங்கிறது பழைய வீடியோ கேமரா ட்யூப் காலத்துப் பேரு. உண்மையான அளவு 13.2-க்கு 8.8 மி.மீதான். 2000-ங்கள்ல வந்த சின்ன கேமராக்கள்ல இருக்கிற சென்சார் அதைவிடச் சின்னது. அகலம் 6 மி.மீ சுத்துவட்டாரம். அதுல 400, மிஞ்சினா 800-தான் தாங்கும். அதுக்கு மேல போனா கேமரா நாய்ஸை அழிக்கிறேன்னு சொல்லி முகத்தை மெழுகு பொம்மை மாதிரி ஆக்கிடும்.

அப்படிப்பட்ட கேமராவுக்கு இருட்டுல ஃபிளாஷ்தான் நல்ல நண்பன். ஃபிளாஷ் எரியுற நேரம் ரொம்பச் சின்னது, ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு அல்லது அதுக்கும் கம்மி. இருட்டு ரூம்ல ஆள் மேல விழுற வெளிச்சம் எல்லாமே அந்தக் கணத்துல வர்றதால, ஷட்டர் மெதுவா இருந்தாலும் ஆள் உறைஞ்சு நிப்பாங்க. நீங்க ஆசைப்பட்டுத் தேடுற அந்தப் பழைய பார்ட்டி போட்டோ லுக் இதனாலதான். ஆனா அந்தக் குட்டி ஃபிளாஷ் சில மீட்டர்தான் எட்டும். சபாவுல பதினஞ்சாவது வரிசையில உக்காந்து ஃபிளாஷ் அடிச்சா, முன்னாடி இருக்கிற மாமாவோட தலைதான் பளிச்சுன்னு வரும்.

ஃபோகஸ்: பாதி அமுக்குங்க

மூணாவது வகை பிளருக்கு வருவோம். போன் பழக்கத்துல நாம பட்டனை ஒரே அமுக்கா அமுக்கிடறோம். காம்பாக்ட்ல ஷட்டர் பட்டனுக்கு ரெண்டு கட்டம். பாதி அமுக்கினா ஃபோகஸ் பிடிக்கும், ஒரு பீப் சத்தமும் பச்சைக் கட்டமும் வரும். அப்புறம்தான் முழுசா அமுக்கணும். பச்சைக் கட்டம் எங்க வந்துச்சுன்னு பாருங்க. முகத்துல வராம பின்னாடி செடியில வந்தா, விரலை எடுத்துட்டுத் திரும்பப் பாதி அமுக்குங்க. மெனுவுல ஃபோகஸ் ஏரியாவை "சென்டர்"னு வெச்சுட்டா இன்னும் நல்லது. முகத்தை நடுவுல வெச்சுப் பாதி அமுக்கி, விரலை எடுக்காம ஃபிரேமை வேணுங்கிற மாதிரி நகர்த்தி, முழுசா அமுக்குங்க.

பெரும்பாலான காம்பாக்ட் கேமரா, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற விளிம்பைத் தேடித்தான் ஃபோகஸ் பண்ணும். வெறும் வெள்ளைச் சுவரைக் காட்டினா முன்ன பின்ன அலையும். அப்பாவோட காக்கிச் சட்டையும் மங்கின வெளிச்சத்துல அதே கதைதான். அந்த மாதிரி நேரத்துல காலர் ஓரம், பாக்கெட் பேனா, கண்ணாடி ஃபிரேம் மாதிரி ஒரு விளிம்பைக் காட்டுங்க.

ஃபில்டர் காபி டம்ளரை எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு. ஜூம் பண்ணா குறைஞ்சபட்ச ஃபோகஸ் தூரம் கூடிடும். சோனி ஆர்.எக்ஸ்.100 முதல் மாடல்ல வைட்ல 5 செ.மீ வரைக்கும் கிட்டப் போகலாம், ஃபுல் ஜூம்ல 55 செ.மீ தள்ளி நிக்கணும். பழைய கேமராவுல பூ படம் போட்ட மேக்ரோ பட்டனை அமுக்கிட்டு, ஜூம் இல்லாம கிட்டப் போங்க.

மந்தமா இருந்தா

நாலாவது வகைக்கு மூணு காரணம். ஒண்ணு, லென்ஸ்ல விரல் ரேகை. மைக்ரோஃபைபர் துணியால மெதுவா துடைங்க. சட்டை நுனி வேண்டாம்.

ரெண்டு, ஏசி. சென்னை மாதிரி ஊர்ல ஏசி கார்ல இருந்து கேமராவை வெளிய எடுத்த உடனே லென்ஸ்ல பனி மாதிரி படியும். துடைச்சாலும் திரும்ப வரும். இறங்குறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே அதை ஏசி காத்து படாம பைக்குள்ள போட்டு மூடி வெச்சிடுங்க. இறங்கின பிறகும் உடனே வெளிய எடுக்காதீங்க.

மூணு, அப்பர்ச்சரை ரொம்ப மூடுறது. "லேண்ட்ஸ்கேப்னா எஃப் 11"ங்கிறது பெரிய கேமராவுக்கான அறிவுரை. ஓட்டை சின்னதாக ஆக வெளிச்சம் விரிஞ்சு பரவும். எஃப் 11-ல ஒரு ஒளிப்புள்ளி சென்சார்ல ஏறக்குறைய 15 மைக்ரான் வட்டமா விழும். 1 இன்ச், 20 மெகாபிக்சல் சென்சார்ல ஒரு பிக்சல் 2.4 மைக்ரான்தான். ஒரு புள்ளி ஆறு பிக்சலுக்குப் பரவினா ஷார்ப் எங்க இருந்து வரும்? 1 இன்ச் சென்சார்ல பகல்ல எஃப் 4, எஃப் 5.6 போதும்.

பக்கை திரும்ப வரவெச்சேன்

இதெல்லாம் புரிஞ்ச பிறகு ஒரு நாள் நைட்டு, வீட்டு வாசல்ல டியூப் லைட்டைப் போட்டுட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். "அப்பா, வாசப்படி ரெண்டும் ஏறி இறங்குங்க. நான் போட்டோ எடுக்கணும்." நாலு ஷட்டர் ஸ்பீடு, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு தடவை. மொத்தம் இருபது. எட்டாவது தடவை நின்னுட்டார். "என்னடா, ஆர்.டி.ஓ ஆபீஸ்ல எட்டு போடச் சொன்ன மாதிரி இருக்கு."

1/30-ல அஞ்சுமே போச்சு. 1/60-ல ஒண்ணு தேறுச்சு, அதுவும் அவர் கடைசிப் படியில நின்னப்போ. 1/125-ல மூணு. 1/250-ல அஞ்சும் தேறுச்சு. ஆனா 1/250-ல எடுத்ததுல சிலது கொஞ்சம் இருட்டா, நிறம் மாறி இருந்துச்சு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் போட்ட டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டர் வேகமா இருந்தா மினுக்குற அலையில ஒரு துண்டுதான் மாட்டும். அதனால டியூப் லைட்ல ஒண்ணுக்கு மூணு ஃபிரேம் எடுங்க.

அந்த 1/60-ல தேறின ஒண்ணும் ஒரு பாடம்தான். எந்த அசைவுலயும் ஒரு நொடி நிக்கிற இடம் இருக்கும். ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்புற இடம், டான்ஸ்ல ஒரு அடவு முடிஞ்சு நிக்கிற இடம். அதுக்காகக் காத்திருந்தீங்கன்னா மெதுவான ஷட்டர்லயும் தப்பிச்சுக்கலாம்.

நாளைக்கே பண்ண வேண்டியது

உங்க கேமராவுல மோட் டயல் இருந்தா எஸ், கேனன்ல டி.வி.ன்னு போட்டிருக்கும், அதுல வெச்சு ஷட்டர் 1/250. ஐ.எஸ்.ஓ ஆட்டோ. அப்பர்ச்சர் நம்பர் மினுக்கினாலோ கலர் மாறினாலோ வெளிச்சம் பத்தலைன்னு அர்த்தம். அப்போ ஜூமைக் குறைச்சு கிட்டப் போங்க. அப்பவும் பத்தலைன்னா 1/125. டயல் இல்லாத பழைய கேமராவுல ஸ்போர்ட்ஸ் அல்லது கிட்ஸ் அண்ட் பெட்ஸ் மோட் இருக்கும், அதைப் போடுங்க. எடுத்ததும் முகத்தை ஜூம் பண்ணிப் பாருங்க.

ஹோம்வொர்க்: உங்க கிட்ட இருக்கிற, மனசுக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு பிளர் போட்டோவைத் திறங்க. நாலுல எந்த வகைன்னு பாருங்க. அப்புறம் எக்ஸிஃப்ல ஷட்டரைப் பாருங்க. அடுத்த விசேஷத்துக்குப் போறதுக்கு முன்னாடி, வீட்ல யாரையாவது நாலு தடவை நடக்கவிட்டு எடுத்துப் பழகிட்டுப் போங்க. அந்த நாள் வந்தப்புறம் மெனுவைத் தேடிட்டிருக்க முடியாது.

டிப்போ படம் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அப்பா அதைப் பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டிட்டார். வீட்டுக்கு வர்றவங்ககிட்ட "இதுதான் நம்ம வண்டி"ன்னு காட்டுவார். பக்கத்துல இருக்கிறது யாருன்னு அவங்க கேட்டா, என்னைப் பார்த்துச் சிரிப்பார். வாசப்படியில எடுத்ததுல ஒண்ணை அம்மா பர்ஸ்ல வெச்சிருக்காங்க. அதுல அப்பா கைலியில இருக்கார், கொஞ்சம் கோவமா இருக்கார், மீசையில ஒவ்வொரு முடியும் தெரியுது.

அடுத்த எபிசோட்ல மெமரி கார்டு பத்திப் பேசலாம். அழிஞ்ச போட்டோவை எப்படித் திரும்ப எடுக்கிறதுன்னு பார்ப்போம். அதுவரைக்கும், பாதி அமுக்கி, பச்சைக் கட்டம் பார்த்து, அப்புறம் முழுசா அமுக்குங்க.